விடையும் விளக்கமும்: மறைகுறிப்புக் குறுக்கெழுத்தும் தமிழ்ச் சொல்லணி மரபும்

முன்னுரை

குறுக்கெழுத்துப் புதிர் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. வார, மாத இதழ்களின் பின்பக்கங்களிலும் நாளிதழ்களின் ஞாயிற்றுப் பதிப்புகளிலும் அது நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. எனினும் அதனைப் பொழுதுபோக்கு என்ற அளவில் ஒதுக்கிவிடுவதே கற்றோரிடையே பெருவழக்காக உள்ளது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒருவகையேனும் இலக்கிய மாணவரின் கவனத்துக்கு உரியது என்பதே நம் கருத்து. ஆங்கிலத்தில் வளர்ந்து பின்னர்த் தமிழிலும் புகுந்த மறைகுறிப்புக் குறுக்கெழுத்து அவ்வகையாகும். அதில் விடை காண்பதைவிட, அவ்விடை எவ்வாறு பெறப்பட்டது என விளக்குவதே கடினம். விளக்கம் இல்லாத விடை அங்கு விடையாகக் கொள்ளப்படுவதில்லை.

இக்கட்டுரை மூன்று வினாக்களை எழுப்புகிறது. மறைகுறிப்பு ஒன்றின் அமைப்பு யாது? தமிழ்ச் சொல்லணி மரபோடு அதற்கு உள்ள உறவு யாது? ஆங்கிலத்தின் விதிகளைத் தமிழில் அப்படியே கைக்கொள்ள இயலுமா? இவற்றுக்கு விடைகாணும் பொருட்டு நாமே யாத்த சில குறிப்புகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். பிறர் புதிர்களைக் குறைகூறுவதைவிட நம் குறிப்புகளின் குறைகளை நாமே சுட்டுவது தக்கதாகும்.

வரலாறும் வகையும்

இன்றைய குறுக்கெழுத்தின் முன்னோடியை ஆர்தர் வின் என்பார் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வெளியிட்டார். அது சாய்சதுர வடிவினது; அதன் குறிப்புகள் நேர்ப்பொருள் தருவன. இவ்வடிவம் இங்கிலாந்து சென்றபின் வேறு திசையில் வளர்ந்தது. எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் என்னும் கவிஞர் 'டார்குமாடா' என்னும் புனைபெயரில் 1926 முதல் 1939இல் தாம் மறையும்வரை 'அப்சர்வர்' இதழில் அமைத்த புதிர்களில் நேர்ப்பொருட் குறிப்புகள் அருகி, சொல்லுக்குள் சொல்லை மறைக்கும் குறிப்புகள் பெருகின. அவருக்குப்பின் வந்த டெரிக் சோமர்செட் மெக்நட் 'சிமெனிஸ்' என்னும் பெயரில் எழுதி, 1966இல் இக்கலையின் விதிகளை ஒரு நூலாகவே வகுத்தளித்தார். 1972 முதல் அவ்விடத்தில் எழுதிய ஜோனதன் குரௌதர் 'டேசா' என்னும் பெயரைத் திருப்பி 'ஏசெட்' எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டார். டார்குமாடா, சிமெனிஸ், டேசா ஆகிய மூவரும் ஸ்பானிய சமய விசாரணை மன்றத்தின் தலைவர்கள். விடைகாண்போரை வதைப்பவர் என்னும் நகைச்சுவை இப்பெயர்களில் உள்ளது.

தமிழ் இதழ்களில் பெருவழக்காக உள்ள குறுக்கெழுத்து இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பனவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்னும் திசைகளும் அதில் உண்டு. 'பாண்டவர்களின் தாய் குழம்பியிருக்கிறாள்' என்று குறிப்பு வந்தால் 'குந்தி' என்னும் விடையின் எழுத்துகளை இடம்மாற்றிக் கட்டங்களில் நிரப்புகிறோம். இங்குப் பொருள் வெளிப்படை. குழப்பம் கட்டத்தில் நிகழ்கிறது. மறைகுறிப்பிலோ இது தலைகீழாகிறது. கட்டத்தில் நிற்கும் சொல் செம்மையாக இருக்கும். குழப்பம் குறிப்பில் இருக்கும். முன்னதில் புதிராளர் நமக்கு விடையைச் சொல்லிவிட்டுப் பின் அதனைக் கலைக்கிறார். பின்னதில் கலைந்ததைக் கொடுத்து விடையை நம்மைச் சேர்க்கச் செய்கிறார். வட அமெரிக்கத் தமிழரின் 'தென்றல்' மாத இதழில் இப்பின்னைய வகைப் புதிர்கள் தமிழிலேயே வெளிவந்துள்ளன.

குறிப்பின் உறுப்புகள்

மறைகுறிப்பு ஒன்றில் இரண்டு உறுப்புகள் உண்டு. விடையின் பொருளை நேராகத் தருவது ஒன்று. அதனைப் பொருட்குறிப்பு என்போம். விடையின் எழுத்துகளைப் பெறும் வழியைத் தருவது மற்றொன்று. அதனை எழுத்துக்குறிப்பு என்போம். எழுத்துக்குறிப்பினுள் 'கலை', 'திருப்பு', 'மறை', 'தலைநீக்கு' என்றாற்போல நமக்குப் பணிதரும் சொல்லை ஏவற்சொல் எனலாம். இவ்விரு உறுப்புகளும் ஒரே தொடராக, இயல்பான வாக்கியம்போல் தோன்றுமாறு பிணைக்கப்படுகின்றன. அவ்வாக்கியத்தின் மேற்போக்கான பொருள் நம்மைத் திசைதிருப்பும் திரையேயாகும். குறிப்பின் இறுதியில் விடையின் எழுத்தெண்ணிக்கை தரப்படும். தமிழில் உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் கொள்ளும்.

சிமெனிஸ் வகுத்த விதிகளின் சாரம் மூன்றே. பொருட்குறிப்புத் துல்லியமாக இருத்தல் வேண்டும். எழுத்துக்குறிப்பு நேர்மையாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் புறம்பான சொல் ஒன்றும் இருத்தலாகாது. இவற்றை நோக்குங்கால் நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து எனத் தொகுத்தவை நினைவுக்கு வருகின்றன. துல்லியமற்ற பொருட்குறிப்புக் குன்றக்கூறல் ஆகும். வேண்டாச் சொல்லைச் சேர்த்தல் மிகைபடக்கூறல் ஆகும். ஆயின் மயங்கவைத்தல் என்னும் குற்றம் மட்டும் இங்குக் குணமாகிவிடுகிறது. மயக்கம் இல்லையேல் புதிர் இல்லை. அம்மயக்கத்துக்கும் எல்லை உண்டு. புதிராளர் நம்மைத் திசைதிருப்பலாம், பொய் சொல்லலாகாது. இந்த எல்லையைத் தமிழில் எங்கு வரைவது என்பதே இனி வரும் ஆய்வின் மையம்.

குறிப்புகளும் விளக்கங்களும்

முதற்குறிப்பு: பல கைதிகள் மறைத்துவைத்த மரத்துண்டு (3).

சிறைக்கூடம் ஒன்றைக் கண்முன் நிறுத்தும் இத்தொடரில் சிறைக்கு வேலையே இல்லை. 'மரத்துண்டு' என்பது பொருட்குறிப்பு. 'மறைத்துவைத்த' என்பது ஏவற்சொல். 'பல கைதிகள்' என்னும் எழுத்துவரிசையின் உள்ளே 'பலகை' மறைந்துள்ளது. இங்குப் புணர்ச்சி விதி ஒன்று புதிராளர்க்குத் துணைநிற்கிறது. பல, சில என்பவற்றின்பின் வல்லினம் மிகாது. ஆதலின் இரு சொற்களுக்கும் இடையே ஒற்று நுழையவில்லை, மறைவு சிதையவில்லை. வல்லினம் மிகும் இடமாயின் நடுவே ஒரு ககர ஒற்றுத் தோன்றி விடையைக் குலைத்திருக்கும். எனவே தமிழில் மறைவுக் குறிப்பு யாப்போர் புணரியல் அறிந்தோராக இருத்தல் இன்றியமையாதது. பிழையாக ஒற்றை விடுத்து எழுதி மறைத்தலை நேர்மையான குறிப்பு எனக் கொள்ள இயலாது.

இரண்டாம் குறிப்பு: ஈசனே, திரும்பப் படி (2).

மாணவனை மீண்டும் படிக்கச் சொல்லும் ஆசிரியரின் குரல் இதில் கேட்கிறது. 'திரும்ப' என்பது 'மீண்டும்' எனவும் 'திரும்பும்படி' எனவும் இருபொருள்படும். 'படி' என்பதற்கு ஒருபொருட்சொல் 'வாசி'. அது திரும்பினால் 'சிவா'. 'ஈசனே' என்னும் விளி அதன் பொருட்குறிப்பு. விடை விளிவடிவில் இருப்பதால் பொருட்குறிப்பும் விளிவடிவில் தரப்பட்டது. 'ஈசன்' என எழுவாயாக நிறுத்தியிருப்பின் துல்லியம் கெட்டிருக்கும். மூச்சைக் குறிக்கும் 'வாசி' என்னும் சொல்லைத் திருப்பிச் 'சிவா' எனக் காட்டுவது சித்தர்நெறி பேசுவோரிடையே நன்கறிந்த சொல்நயம். நாம் செய்ததெல்லாம் அந்நயத்தை வேறு பொருளில் வைத்து மறைத்ததேயாகும்.

மூன்றாம் குறிப்பு: ஐந்தை அடுத்தது நதி (2).

இதில் எழுத்துக்குறிப்பு இல்லை, இரண்டும் பொருட்குறிப்புகளே. ஐந்தை அடுத்த எண்ணும் ஆறு, நதியும் ஆறு. இது சிலேடையின் எளிய வடிவம். நிகண்டுகளின் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி இவ்வகைக் குறிப்புகளுக்கு வற்றாத ஊற்றாகும். ஒருபொருட்குரிய பல பெயர்களும் அவ்வாறே பயன்படும். 'தலையிழந்த யானை புண்ணாகும் (3)' என்னும் குறிப்புக்கு விடைகாண்பவர் களிறு, வேழம், கரி என ஒவ்வொன்றாக எண்ணி 'வாரணம்' என்பதை அடைந்து, அதன் முதலெழுத்தை நீக்கி 'ரணம்' எனக் காண்பார். இக்குறிப்பில் ஒரு குறை உண்டு. ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. மரபுவழி எழுதுவோர் 'இரணம்' என்றே எழுதுவர். அவ்வாறாயின் விடை நான்கெழுத்தாகிவிடும். வடசொல் வழக்கை ஏற்கும் புதிரில் மட்டுமே இக்குறிப்பு நிற்கும்.

நான்காம் குறிப்பு: கொடு என்றபின் மான் பூவாகும் (3).

'கொடு' என்பதற்குத் 'தா' எனக் கொண்டு, அதன்பின் மான்வகையுள் ஒன்றாகிய 'மரை' என்பதைச் சேர்த்தால் 'தாமரை' என்னும் பூ கிடைக்கிறது. இது சொற்பிணைப்பு. மேற்போக்கில் இக்குறிப்புக் குற்றமற்றது. ஆயின் தொல்காப்பியம் கற்றவர் இங்கு ஒரு தடை எழுப்புவர். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றல்ல. ஈ என்பது இழிந்தோன் இரக்கும் சொல். தா என்பது ஒப்போன் கேட்கும் சொல். கொடு என்பது உயர்ந்தோன் கூறும் சொல். இவ்வேறுபாட்டை எச்சவியல் வரையறுத்துள்ளது. ஆதலின் 'கொடு' என்பதைத் 'தா' என்பதற்கு நிகராக வைத்தல் துல்லியம் ஆகுமா என்னும் வினா எழுகிறது. இக்கால வழக்கில் இவ்வேறுபாடு தேய்ந்துவிட்டது என விடையிறுக்கலாம். அது போதிய விடையே. எனினும் 'ஒப்போன் கேட்டபின் மான் பூவாகும்' எனத் திருத்தினால் துல்லியமும் கூடுகிறது. புதிரின் ஆழமும் கூடுகிறது. தொல்காப்பிய அறிவு விடைகாண்பதற்கு உரிய திறவுகோலாகவும் ஆகிறது. மொழியைத் துல்லியமாகக் கையாளும் விருப்பமே புதிரைச் செம்மைப்படுத்துகிறது என்பதற்கு இத்திருத்தம் சான்று.

ஐந்தாம் குறிப்பு: மரத்துக்குள் முற்றுப்பெறாக் கதவு பச்சை மணி (5).

தச்சன் கைபடாத மரம், அதனுள் இன்னும் உருப்பெறாத கதவு என விரியும் காட்சி இது. 'பச்சை மணி' பொருட்குறிப்பு. 'முற்றுப்பெறாக் கதவு' என்பது ஈற்றெழுத்து இல்லாத கதவு, அதாவது 'கத'. அதனை 'மரம்' என்பதன் உள்ளே வைத்தால், மர என்பதற்கும் மகர ஒற்றுக்கும் இடையே அமைந்து 'மரகதம்' ஆகிறது. இங்கு எழும் சிக்கல் தமிழுக்கே உரியது. குறிப்பில் கண்ணுக்குத் தெரிவது 'மரத்துக்குள்' என்னும் வடிவம். வேற்றுமை ஏற்றபோது மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. விடைக்கு வேண்டிய மகர ஒற்றுக் குறிப்பில் இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் வடிவம் மாறாமல் முன்னிடைச்சொல்லை ஏற்பதால் அங்கு இச்சிக்கல் அரிது. தமிழில் இத்தகைய குறிப்பை நேர்மையற்றது எனத் தள்ளினால் மகர ஈற்றுச் சொற்கள் அனைத்தையும் இழக்க நேரிடும். சாரியை நீக்கிச் சொல்லின் முதல்வடிவைக் காண்பது தமிழ் கற்றார் எவர்க்கும் இயல்பான செயல் ஆதலின், இதனை ஏற்கலாம் என்பது நம் துணிபு. மறைவுக் குறிப்பில் மட்டும் இச்சலுகை இல்லை. அங்கு எழுத்துகள் உள்ளவாறே நிற்றல் வேண்டும்.

ஆறாம் குறிப்பு: உழவன் தூவுவது தலையிழந்த கவிதை (2).

'கவிதை' தன் முதலெழுத்தை இழந்தால் 'விதை'. இக்குறிப்பை நாம் முதலில் 'தலையிழந்த கவிதை உழவன் கையில்' என்றே அமைத்தோம். ஓசையும் காட்சியும் அதில் கூடுதல். ஆயின் உழவன் கையில் மேழியும் இருக்கலாம், அரிவாளும் இருக்கலாம். அழகின்பொருட்டுத் துல்லியத்தைக் கைவிட்ட குறிப்பு அது. ஆகவே அதனைக் கைவிட்டோம்.

சொல்லணி மரபுடன் ஒப்புநோக்கு

மேற்கண்ட நுட்பங்கள் தமிழ்க்கு அயலானவை அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை ஒரு தனி வகையாகக் கொண்டு இலக்கணம் கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலோ கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்துவருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச்செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் எனப் பன்னிரண்டு சித்திரகவிகளை நிரல்படுத்துகிறது. மாறனலங்காரம் இவற்றை மேலும் விரித்தது. பரிதிமாற் கலைஞர் 'சித்திரகவி விளக்கம்' என இதற்கென ஒரு நூலே இயற்றினார்.

இவற்றுள் சில மறைகுறிப்போடு நேரே பொருந்துவன. சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க வேறுவேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். மேலே கண்ட 'கவிதை' என்னும் சொல்லையே கொள்வோம். முழுதாக நிற்பின் புலவன் படைப்பு. முதலெழுத்து நீங்கின் உழவன் தூவுவது. அடுத்த எழுத்தும் நீங்கின் பொங்கல் வரும் திங்கள். கவிதை, விதை, தை என இது குறைந்து செல்கிறது. இதனையே தை, விதை, கவிதை எனக் கூட்டிச் சென்றால் எழுத்துவருத்தனம் ஆகிறது. வினாக்கள் பலவற்றுக்கு வரும் விடைகள் ஒன்றுசேர்ந்து இறுதி வினாவுக்கு விடையாவது வினாவுத்தரம். ஒப்போன் கேட்கும் சொல் யாது? தா. காட்டில் வாழும் மான்வகை யாது? மரை. திருமகள் இருக்கை யாது? தாமரை. நம் நான்காம் குறிப்பு இதன் சுருக்கமேயன்றி வேறன்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுள் பிறிதொரு செய்யுள் உறைவது கரந்துறைச்செய்யுள். பலகையை மறைத்த கைதிகள் செய்ததும் அதுவே. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகப் படிக்கவரும் மாலைமாற்று, திருப்புதலின் முற்றிய நிலையாகும்.

ஒற்றுமை இவ்வளவினதாயினும் வேற்றுமையும் மறைத்தற்குரியதன்று. சித்திரகவியில் புலவர் தம் ஆற்றலை வெளிப்படுத்துகிறார். கேட்போர் வியக்கின்றனர். செய்யுள் நாகபந்தமாக அமைந்துள்ளது என்பதைப் படிப்பவர் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. அதனைப் புலவரோ உரைகாரரோ சொல்லிவிடுவர். மறைகுறிப்பில் புதிராளர் தம் ஆற்றலை மறைக்கிறார். அவ்வாற்றலை வெளிக்கொணர்பவர் விடைகாண்பவர். முன்னது அரங்கேற்றத்துக்கு உரியது. பின்னது தனித்திருந்து படிப்பதற்கு உரியது. சித்திரகவியை மிறைக்கவி எனக் கூறி வெறும் சொல்விளையாட்டு எனக் குறைகாணும் திறனாய்வாளர் கருத்தில் உண்மை உண்டு. இத்தகைய செய்யுள்கள் பலவற்றில் உணர்ச்சி இல்லை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின் கவிதைக்குரிய அளவுகோலால் மட்டுமே அவற்றை அளந்தமையால், அவை பயிற்றும் கூரிய வாசிப்பு என்னும் பயனை இழந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது.

எழுத்து என்பது எது?

மறைகுறிப்பு தமிழில் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இனிக் கூறப்படுகிறது. எழுத்துகளைக் கலைத்துச் சேர்த்தல் இக்கலையின் பெருவழக்கான உத்தி. 'வம்பா? கலகத்தில் விளைந்த தீவினை (3)' என்பதில் 'வம்பா' என்னும் மூன்றெழுத்தும் கலைந்து 'பாவம்' ஆகின்றன. இதில் ஐயம் இல்லை. ஏழாவதாக 'கலைந்த கலவை துயரம் தரும் (3)' என ஒரு குறிப்பைக் கொள்வோம். விடை 'கவலை'. கேட்ட அளவில் இதுவும் சரி என்றே செவி சொல்கிறது. ஆனால் கட்டத்தில் எழுதிப் பார்ப்பின் பொருந்தவில்லை. கலவை என்பதில் உள்ளவை க, ல, வை. கவலை என்பதில் வேண்டுபவை க, வ, லை. ஓர் எழுத்து மட்டுமே பொது.

இக்குறிப்பு பிழையா? தொல்காப்பியரைக் கேட்பின் வேறு விடை கிடைக்கும். அவர்க்கு முதலெழுத்து முப்பதே. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடிய கூட்டம். நன்னூலாரும் அதனைச் சார்பெழுத்தாகவே வைத்தார். அந்நெறியில் கலவை என்பது க், அ, ல், அ, வ், ஐ என்னும் ஆறு ஒலிகள். கவலை என்பதும் அதே ஆறு ஒலிகள். லகர மெய்யும் வகர மெய்யும் இடம்மாறியுள்ளன, அவ்வளவே. மாலைமாற்றுப் பாடியவர்களைக் கேட்பின் உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே கொண்டு திருப்பினர் என அறிகிறோம். திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகமும் அவ்வாறே அமைந்தது. கட்டளைக் கலித்துறை யாத்தவர்களோ உயிர்மெய்யை ஒன்றாக எண்ணி, ஒற்றை எண்ணாது விடுத்து, நேரசையில் தொடங்கின் பதினாறும் நிரையசையில் தொடங்கின் பதினேழும் என வரையறுத்தனர். குறுக்கெழுத்தோ ஒற்றுக்கும் ஒரு கட்டம் தருகிறது. ஆக, எழுத்து என்னும் ஒரு சொல்லுக்கு நம் மரபிலேயே ஒலியியல் எண்ணிக்கை, வரிவடிவ எண்ணிக்கை, யாப்பு எண்ணிக்கை என வேறுவேறு கணக்குகள் உள்ளன.

கட்டம் உயிர்மெய்யை அலகாகக் கொள்ளும்போது குறிப்பும் அதே அலகைக் கொள்ளுதலே நேர்மை. ஆகவே ஏழாம் குறிப்பைப் பிழை எனத் தள்ளுகிறோம். ஆயினும் இலக்கணத்தின் ஒலிப்பகுப்பைப் புறக்கணிக்கவும் வேண்டுவதில்லை. அக்குறிப்பை இவ்வாறு திருத்தலாம்: 'மெய்மாறிய கலவை துயரம் தரும் (3)'. உண்மை திரிந்த, கலப்படமான பொருள் துன்பம் விளைவிக்கும் என்பது மேற்பொருள். மெய் என்பதை மெய்யெழுத்து எனக் கொண்டால், மெய்கள் இடம்மாறிய கலவை கவலையாகிறது. உயிர்கள் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. மூன்று மெய்களையும் எவ்வாறு மாற்றினும் துயரப்பொருள் தரும் சொல் இது ஒன்றே. பிழையான குறிப்பு ஒரே சொல்மாற்றத்தால் நேர்மையான குறிப்பாகிவிட்டது. உயிர், மெய் என்னும் நம் இலக்கணக் கலைச்சொற்கள் வாழ்வின் பெருஞ்சொற்களாகவும் இருப்பது புதிராளர்க்குக் கிடைத்த பேறு. இவ்வுத்தி ஆங்கிலத்திலிருந்து பெறப்பட்டதன்று. உயிர்மெய் அமைப்புடைய மொழியிலேயே இது கைகூடும்.

கட்டமைப்பிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. ஆகவே இரு சொற்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் தெரியவரும் ஓரெழுத்துத் தமிழில் மிகுதியான செய்தியைத் தருகிறது. விடைகாண்பவர்க்கு அது உதவி. புதிராளர்க்கோ பொருந்தும் சொல் கிடைப்பது அரிதாகிறது. மேலும் மெய் மொழிமுதல் வாராது ஆதலின், ஒரு சொல்லின் ஒற்று நிற்கும் கட்டத்திலிருந்து வேறொரு சொல் தொடங்க இயலாது. ஆங்கிலக் கட்டவடிவத்தை அப்படியே எடுத்தாள முனைவோர் இடர்ப்படுவதற்கு இவை காரணங்கள்.

விளக்கமும் உரையும்

விடையை உடனே சொல்லிவிட்டு, அது எவ்வாறு வந்தது எனக் கேட்டபோது தயங்கும் மாணவரை வகுப்பறையில் பலகாலும் கண்டிருக்கிறோம். பொருட்குறிப்பைக் கொண்டே அவர் ஊகித்திருப்பார். ஊகம் சரியாக அமைந்தாலும் குறிப்பில் பாதிச் சொற்கள் அவர் கணக்கில் வரவில்லை. மறைகுறிப்பின் விளக்கம் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்டுவதாக இருத்தல் வேண்டும். இச்சொல் ஏன் இங்கு வந்தது, இது பொருளுக்கு உரியதா, எழுத்துக்கு உரியதா, இதனை நீக்கினால் என்னாகும் என்னும் வினாக்களுக்கு விடை கூறியபின்னரே விளக்கம் நிறைவுறும்.

இவ்வினாக்கள் நம் உரையாசிரியர்கள் கேட்டவையே. ஒரு சொல் பயனின்றி வாராது என்னும் நம்பிக்கையே அவர்களைப் பதப்பொருளுக்கும் சிறப்புரைக்கும் இட்டுச்சென்றது. சொற்களை நின்றவாறே கொள்வதா, இடம்பெயர்த்துக் கூட்டுவதா என்னும் சிக்கலையும் அவர்கள் அறிவர். நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களுள் கொண்டுகூட்டு அதற்கு இடந்தருகிறது. அவ்விடத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுண்டு. முல்லைப்பாட்டின் அடிகளை இடம்மாற்றிக் கூட்டிய நச்சினார்க்கினியரின் முறையை மறைமலையடிகள் 1903இல் வெளியான தம் ஆராய்ச்சியுரையில் மறுத்து, பாட்டு நின்றவாறே பொருள்படும் எனக் காட்ட முற்பட்டார். படிப்பவரின் உரிமை எங்கு முடிகிறது என்பதே அங்கும் வினா. மறைகுறிப்பு இவ்வினாவுக்குச் சிறிய அளவில் தெளிவான விடை தருகிறது. ஏவற்சொல் இடந்தந்தால் எழுத்தைக் கலைக்கலாம். அது இல்லாதவிடத்துக் கலைத்தல் தவறு.

இவ்வொப்புமையைப் பெரிதுபடுத்துதலும் தவறாகும். குறிப்புக்கு விடை ஒன்றே. கண்டபின் அது தீர்ந்துவிடுகிறது. கவிதை அத்தகையதன்று. பொருள் கண்டபின்னும் அது எஞ்சி நிற்கிறது. கவிதையைப் புதிராகக் கருதி ஒற்றை விடை தேடும் மாணவர் அதனை இழந்துவிடுவர். எனவே மறைகுறிப்பு கவிதை வாசிப்புக்கு மாற்றாகாது. கவிதையை அணுகுமுன் சொல்லை மதிக்கப் பழக்கும் பயிற்சியாக அது அமையலாம். சொல்லைக் கவனியாது கருத்தை மட்டும் பற்றிக்கொண்டு எழுதப்படும் திறனாய்வு பெருகியுள்ள சூழலில் இப்பயிற்சி வேண்டற்பாலதே.

முடிவுரை

மறைகுறிப்புக் குறுக்கெழுத்தின் உயிர் விடையில் அன்று, விளக்கத்திலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை காட்ட முயன்றது. அதன் உத்திகள் பலவற்றுக்கும் தமிழ்ச் சொல்லணி மரபில் இணையுண்டு. எனினும் அவ்வுறவு பெருமை பேசுவதற்குரியது மட்டுமன்று. அது பொறுப்பையும் தருகிறது. புணர்ச்சி, சாரியை, உயிர்மெய் ஆகியவை இங்குத் தடைகளாகத் தோன்றினும், அவற்றைக் கருத்திற் கொண்டு யாக்கும்போது ஆங்கிலத்தில் இயலாத உத்திகள் பிறக்கின்றன. 'கலைந்த கலவை' பிழையாகி 'மெய்மாறிய கலவை' நிலைபெற்றமை அதற்குச் சான்று.

இத்துறையில் செய்ய வேண்டிய பணி இரண்டு. தமிழ்ப் புதிராளர்கள் ஏற்கத்தக்க விதிகளைப் புணரியல், எழுத்தியல் அடிப்படையில் வகுத்தல் ஒன்று. அவ்விதிகளின்படி அமைந்த குறிப்புகளை இலக்கண வகுப்புகளில் பயிற்சியாக வைத்தல் மற்றொன்று. வல்லினம் மிகாவிடத்தை நூற்பாவாக மனப்பாடம் செய்த மாணவர், பல கைதிகள் மறைத்த பலகையைத் தாமே கண்டெடுக்கும்போது அவ்விதி எதற்கு என்பதையும் உணர்ந்துகொள்வார்.